புதுக் கண்ணாடியில் தெரிந்த சிவப்பு

மஞ்சளாமே, மஞ்சள்! வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிவப்பு விளக்கைத் தாண்டிப்போய், குறுக்கே வந்த ரொட்டிக்கடை வேனின் கதவை நசுக்கிய கணவர், விளக்கு மஞ்சளாகத்தான் இருந்தது என்று, போலீஸ் கொடுத்த அபராதச் சீட்டை எதிர்த்து வழக்காடப் போகிறாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள்தான் சாட்சி. கையெழுத்துப் போடச் சொல்லி மனுவை மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவள் ஒரு துண்டுத்தாளை எடுத்து எழுதினாள்:

"என்னங்க, சோறு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிட்டு அடுப்பை அணைச்சிடுங்க. மறந்தீங்கன்னா அதுக்கும் நானே சாட்சி. மெக்கானிக் வருவார், கார் சாவி ஆணியில மாட்டியிருக்கு. அவர்கிட்டயும் மஞ்சள் புராணம் பாடாதீங்க."

பேனா நின்றது. அபராதம் நிலைத்தால் லைசென்ஸும் முடங்கி, சில மாதம் அவர் வண்டியைத் தொட முடியாது. ஆனால் அந்த முக்கில், "என் புது மூக்குக்கண்ணாடி எப்படி இருக்கு?" என்று கேட்டவள் அவள்தானே! ஒரு வாரமாகக் கண்ணில் படாததை அவர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். வேன் வந்ததுகூடத் தெரியாமல் பார்த்தார்.

அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

"புதுக் கண்ணாடியில சிவப்பு பளிச்சுனு தெரிஞ்சுது. நீங்க எங்க பார்த்தீங்கன்னு கோர்ட்ல கேட்டா, என்னைத்தான்னு நான் சொல்லணும். அதை ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டேன், அந்தப் பார்வை எனக்கு மட்டும் வேணும். பஸ்லயே போகலாம், நானும் வரேன். ஆற அமரப் பார்க்கலாம்."

கையெழுத்துக்கான இடத்தை வெறுமையாகவே விட்டாள். மனு பறக்காதபடி பழைய கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.