நடுவில் ஒரு கம்பி

மார்ச் 3, செவ்வாய்

சோஃபாவின் இடது கால் இன்று முழுசாகக் கழன்றுவிட்டது. செங்கல்லை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தபோது அக்கா போன் செய்தாள். அவள் வேலை பார்த்த மருந்து பேக்கிங் கம்பெனியை மூடிவிட்டார்களாம். குடியிருக்கும் வீட்டையும் மாதக் கடைசிக்குள் காலி பண்ணணும், வீட்டுக்காரர் மகள் திரும்பி வருகிறாளாம்.

"வேற இடம் கிடைக்கிற வரைக்கும் உங்க வீட்ல இருக்கலாமாடி?"

"இது என்ன கேள்வி, வா" என்றேன். குரலில் சந்தோஷம்கூட இருந்தது. போனை வைத்த பிறகு வீட்டைக் கண்ணாலேயே அளந்தேன்.

ஒரு படுக்கையறை, ஒரு ஹால், ரெண்டு பேர் நின்றால் இடிக்கிற சமையலறை. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக், காலையில் முதலில் கிளம்புவது அவர்தான். அதற்கப்புறம் நான் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பும்வரை இருக்கும் முக்கால் மணிநேரம் எனக்கு மட்டும். ஹாலில் டீயோடு யாரோடும் பேசாமல். நாள் பூராவும் "இந்த எழுத்து தெரியுதா, இப்போ?" என்று கேட்கிறவளுக்கு அது போதாது, ஆனால் அதுதான் இருக்கிறது.

அவருக்கு ஒரே குஷி. "அக்கா வரட்டும். ஹாலுக்கு ஒரு சோஃபா கம் பெட் வாங்கிடலாம், அடியில பெட்டி வெச்சது. அவங்க துணிமணிய அதுல வெச்சுக்கட்டும்."

மார்ச் 7, சனி

எங்கேயோ லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம், அவர் வரவில்லை. நான் மட்டும் சோஃபா கடைக்குப் போனேன்.

விற்பனை செய்தவருக்கு மூக்குக் கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு திருகு முடுக்கினால் போதும். முதலில் சாம்பல் நிறத்தைக் காட்டினார். இழுத்தால் கட்டில் போலவே நீள்கிறது, மெத்தை ஒரே துண்டு, அடியில் ஆழமான பெட்டி. "கூச்சப்படாம படுத்துப் பாருங்க மேடம்." படுத்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. இதில் படுத்தால் யாருக்குத்தான் போக மனசு வரும்?

எழுதவே கை கூசுகிறது. ஆனால் இங்கேயும் பொய் எழுதினால் வேறெங்கே உண்மையை எழுதுவேன்?

இன்னொன்று பச்சை. முதுகைச் சாய்த்தால் படுக்கையாகிவிடும், அடியில் இதற்கும் பெட்டி உண்டு. நடுவில் ஒரு கம்பி ஓடுகிறது, மேலே மெல்லிய பஞ்சு. "இது போதும்" என்றேன்.

"யார் படுக்கப் போறாங்க? எத்தனை நாள்?"

"விருந்தாளிங்கதான். ரெண்டு மூணு நாள்."

"அப்பன்னா சரி. தினமும் படுத்தா கம்பி முதுகுல தெரியும். நாளைக்கு நீங்க என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது பாருங்க." ஆர்டர் சீட்டில் ஏதோ எழுதிக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். டெலிவரி எடுக்கிறவரும் அதே சீட்டில் கையெழுத்துப் போடணுமாம்.

மார்ச் 8, ஞாயிறு

சாம்பல் சோஃபா ஹாலில் அடங்காது என்று அவரிடம் சொன்னேன். உண்மையில், போட்டால் ஒரு கை அகலம் மிச்சமே இருக்கும்.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா வந்துவிட்டாள். ஒரே ஒரு பை. மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டாளாம்.

சோஃபா இன்னும் வரவில்லை, தரையில்தான் படுக்கை. "எனக்கென்ன புதுசா?" என்று சிரித்தாள். ஆமாம், புதுசில்லை. நான் படித்த நாலு வருஷமும் அவளுடைய ஒற்றை அறையில்தான் இருந்தேன். ஒரே கட்டில். அதை எனக்குக் கொடுத்துவிட்டு, "தரைதான் முதுகுக்கு நல்லது" என்று கீழே படுத்தாள். நாலு வருஷமும் அதை நம்பினேனா, நம்புவது வசதியாக இருந்ததா?

மார்ச் 19, வியாழன்

சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடியே சோஃபா வந்துவிட்டது. வீட்டில் அக்கா மட்டும். நான் வருவதற்குள் பழைய சோஃபாவை வந்த ஆட்களிடமே கொடுத்தனுப்பி, செங்கல்லை வெளியே வைத்து, தரையைத் துடைத்து, பச்சைக்காரனைச் சுவரோரம் போட்டிருந்தாள்.

"நல்லா இருக்குடி. கலர்கூட உன் திரைச்சீலைக்குச் சேருது."

மார்ச் 22, ஞாயிறு

மூன்றாவது காலை. நான் எழுந்தபோது படுக்கை மடக்கியாகிவிட்டது, போர்வை சதுரமாக மூலையில். அக்கா சமையலறையில் நின்றபடி டீ குடித்தாள்.

"உட்காரேன்க்கா."

"நீ போய் ஹால்ல உட்காரு. காலையில உனக்குப் பேச்சு பிடிக்காதே, எனக்குத் தெரியாதா?"

ஞாயிறு என்பதால் அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை, முக்கால் மணிநேரம் எனக்கே கிடைத்தது. டீ உள்ளே இறங்கவில்லை.

மார்ச் 27, வெள்ளி

கீழே விழுந்த கரண்டியை எடுக்க அக்கா முதலில் சுவரைப் பிடித்தாள், பிறகு குனிந்தாள். "தூக்கம் எப்படிக்கா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"ஜோரா தூங்கறேன். கொஞ்சம் கெட்டியாப் படுத்தாதான் முதுகுக்கு நல்லது."

அவள் பை இன்னும் செருப்பு அலமாரி பக்கத்தில், ஜிப் போட்டபடி. "பெட்டியில வையேன், அதுக்குத்தானே வாங்கினது" என்றேன். "எடுக்க வைக்க இதுவே வசதி" என்றாள்.

மார்ச் 29, ஞாயிறு

அவர் வேலைக்கு வைத்திருக்கும் டேப்பை எடுத்து ஹாலை அளந்தார். திரைச்சீலைக் கம்பிக்காம். சட்டென்று, "அந்த சாம்பல் சோஃபா எவ்ளோ நீளம்னு சொன்ன? அடங்கியிருக்கும் போலிருக்கே" என்றார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

"நான் தப்பா அளந்துட்டேன்" என்றேன். கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளக்கிறவள் நான்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணி உட்கார்ந்தேன். "அக்கா, அந்த சோஃபா இருக்கே..."

"நல்ல சோஃபாதான். விடு."

ஏன் 'விடு' என்றாள்?

ஏப்ரல் 6, திங்கள்

அக்காவுக்கு ஒரு லாண்டரியில் வேலை கிடைத்துவிட்டது. பக்கத்திலேயே ஓர் அறையும் பார்த்துவிட்டாள். சனிக்கிழமை போகிறாள்.

கேட்டதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. சீ.

ஏப்ரல் 11, சனி

அவர் அக்காவைக் கொண்டுவிடப் போனார். நான் வீட்டைப் பெருக்கினேன். கூடுதல் தலையணையை வைக்க சோஃபாவின் பெட்டியை முதல்முறையாகத் திறந்தேன்.

உள்ளே துணி இல்லை, எதுவும் இல்லை. நாலாய் மடித்த ஒரு தாள் மட்டும். ஆர்டர் சீட்டு.

"உபயோகம்: விருந்தாளி, 2–3 நாள் மட்டும். நடுக்கம்பி உறுத்தும் என்று சொல்லப்பட்டது. வாடிக்கையாளர் சம்மதம்." அதன் கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், அக்காவின் கையெழுத்து. நிதானமான முத்து முத்தான எழுத்து. முதல் நாளே படித்திருக்கிறாள். படித்துவிட்டு இருபத்து மூன்று இரவு அதிலேயே படுத்திருக்கிறாள். திரைச்சீலைக்குக் கலர் சேருது என்றாளே.

போன் பண்ணினேன். "அக்கா, சீட்டைப் பார்த்தேன்" என்றேன்.

அவள் சொன்னாள்: "மூணு நாள்லயே கிளம்பணும்னுதான் பார்த்தேன்டி. இடம் கிடைக்கல. அதான் பையைப் பிரிக்கல."

மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். அவள், என்னிடம்.

ஏப்ரல் 15, புதன்

நாலு நாளாக நான்தான் ஹாலில் படுக்கிறேன். இன்று கடையில் ஒரு குட்டித் திருகு கீழே விழுந்தது. குனிய முடியவில்லை. வாடிக்கையாளரே எடுத்துக் கொடுத்தார்.

ராத்திரி வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம். "அக்காகிட்ட உனக்கு என்னடி பயம்? காலையில தனியா இருக்கணும்னு சொன்னா புரிஞ்சிருக்க மாட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்லாமலே புரிந்துகொண்டவள் அவள்.

ஏப்ரல் 25, சனி

அக்கா காலையில் போன் பண்ணினாள். "புது ரூம்ல தரை சில்லுனு இருக்கு. ஒரு சோஃபா கம் பெட் பார்க்கணும். அனுபவம் இருக்கிறவ ஒருத்தி கூட வேணும், வர்றியா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குக் காது மடல் சுட்டது. போனேன்.

அதே கடை, அதே ஆள், மூக்குக் கண்ணாடி இன்னும் வழுக்குகிறது. என்னை அவருக்கு ஞாபகம் இல்லை. சாம்பல் நிறத்தை நான்தான் காட்டினேன். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் படுத்துக் கண்ணை மூடினாள். முகம் மெல்லத் தளர்ந்தது. என் வீட்டில் ஒரு நாளும் நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

"யார் படுக்கப் போறாங்க?" அவர் சீட்டை எடுத்தார்.

"நான்தான். என் தங்கச்சி வந்தா அவ. அப்போ நான் கீழ படுத்துக்குவேன்."

"தங்கச்சி எத்தனை நாள் தங்குவாங்க?"

"அதை எழுதாம விடுங்க" என்றாள் அக்கா.

அந்த இடத்தைக் காலியாக விட்டு அவர் தாளை அவள் பக்கம் திருப்பினார். அவள் கையெழுத்துப் போட்டாள். நான் அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.