சம்பந்தியின் மீன் பேனா

அன்பு மகள் யுவஸ்ரீக்கு, நாமக்கல்லிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், பட்டறையில் இரண்டு லாரிக்குப் பாடி கட்டும் வேலை ஓடுகிறது. ஒசாகா குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் காகிதம் என்று நினைப்பாய். போனை நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், இது மாப்பிள்ளை காதில் விழக்கூடாத சேதி சாமி. உன் மாமனார் அடுத்த மாதம் அங்கே வரும்போது மீன் பேனாவைக் கொண்டுவந்து யாரோ பெரிய ஜப்பான்காரரிடம் காட்டப் போகிறார் என்று நீ சந்தோஷமாகச் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மீனுக்கு வால் வரைந்தது ஜப்பான்காரன் இல்லை, நம் பட்டறைப் பெயிண்டர் அர்த்தநாரி.

சம்பந்தி சென்னிமலை தன் சேலத்து வீட்டில் பழைய பேனா பதினொன்று சேர்த்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். எல்லாம் தொண்ணூறு வருடத்து ஜப்பான் சரக்கு, அரக்கு பூசித் தங்கப்பொடி தூவி மீனும் கொக்கும் வரைந்தவை. அதில் மை ஊற்றக்கூடாதாம், வெயில் படக்கூடாதாம், மூச்சுக் காற்றுகூடப் படக்கூடாதாம். கொரியர்க்காரர் வந்தால் கையெழுத்துப் போட மனுஷன் பக்கத்து வீட்டில் போய்ப் பேனா கேட்கிறார். ஆயுத பூஜைக்கு நம் வீட்டுக்கு விருந்தாக வந்தவர் மீன் பேனாவை ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும் நடுவே வைத்துக் கும்பிட்டார். பூசையில வெச்சத மறுநாள் வரைக்கும் எடுக்கக்கூடாதுங்களே, இங்கயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போனார். அம்மா அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். விடிந்ததும் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். தங்கமாச்சே, பளிச்சுனு இருக்கட்டும்னு தேச்சேனுங்க என்கிறாள். பளிச்சென்றுதான் இருந்தது, வாலைத்தான் காணோம்.

அர்த்தநாரியைக் கூப்பிட்டேன். இதென்னங்க பெரிய வித்தை, டேங்கர் பின்னாடி திமிங்கலமே போட்டிருக்கேனுங்க என்று, லாரிக்குப் பெயர் எழுதும் தங்கப் பெயிண்டில் ஒரு மணி நேரத்தில் வாலை முளைக்க வைத்தான். லாரியில் போட்டுப் போட்டுப் பழகிய கை, வாலுக்குக் கீழே கடுகளவில் தன் கையெழுத்தையும் கிறுக்கிவிட்டான். நான் பார்ப்பதற்குள் காய்ந்துவிட்டது. அப்படியே கொண்டுபோய்ச் சம்பந்தியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் சேலத்தில் பேனா அன்பர்கள் சங்கக் கூட்டத்துக்குச் சம்பந்தி என்னையும் விடாமல் கூட்டிப்போனார். சங்கத் தலைவர் தீனதயாளன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். மீன் சுமார்தானுங்க, ஆனா இந்த வாலு இருக்குது பாருங்க, மூணு தலைமுறையாத் தவம் கெடந்தவன் கை இது, கையெழுத்தே போட்டிருக்கான், இத ஜப்பானுக்கே கொண்டு போய்க் காட்டோணும் என்று அங்கேயே தீர்மானம் போட்டார். பதினைந்து பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்வது.

நீ போனில் சொன்ன மறுநாளே சேலம் போனேன். அசல் ஜப்பான்காரர் முன்னால் அவர் தலைகுனிந்து நின்றால் அது உன் தலையில்தானே வந்து விடியும். கொடுத்த காபி ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படவே இல்லை. தெரியுமுங்க சம்பந்தி, நீங்க திருப்பிக் குடுத்த அன்னைக்கே பெயிண்ட் வாசம் போகலீங்களே என்றார். தீர்மானத்துக்குச் சும்மா தலையாட்டினாராம், கிளம்பும்போது பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதாகத்தான் இருந்தாராம். என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். பேனாவுல கீறல் உழுந்தா உங்க பெயிண்டர் இருக்காரு, நம்ம ஒறவுல உழுந்தா யாருங்க இருக்காங்க என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது சாமி. உன்னை நல்ல வீட்டில்தான் கொடுத்திருக்கிறோம். அதோடு விட்டாரா, பீரோவைத் திறந்து, இறகு உதிர்ந்துபோன கொக்குப் பேனா ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். அவசரமில்லீங்க, அடுத்த கூட்டத்துக்குள்ள கெடச்சாப் போதும் என்றார்.

மாமனார் வரும்போது ஒன்றும் தெரியாதவள்போல இரு. இதைப் படித்ததும் கிழித்துப் போடு. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. ஆஞ்சநேயர் உங்கள் இருவரையும் குறையில்லாமல் காக்கட்டும்.

உன் அப்பா,
நாச்சிமுத்து