ஆறு ஓட்டக்காரர்களின் ரத்தம்

2 மார்ச் 2061, மாலை 6.20. ஓட்ட மேடை, வங்கக் கடல்

பதிவு செய்பவர்: மருத்துவர் சந்திரவதனா, ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரி.

காலையில் படகில் வந்து சேர்ந்தேன். இது பழைய எண்ணெய்க் கிணற்று மேடை. எண்ணெய் தீர்ந்ததும் மேல்தளத்தில் ஓடுபாதை போட்டுவிட்டார்கள். உலகப் போட்டிக்குப் போகவிருக்கும் ஆறு நெடுந்தூர ஓட்டக்காரர்கள், பயிற்சியாளர் அருணகிரி, இப்போது நான். வேறு யாரும் இல்லை. மருந்து விற்பவன் நீந்தித்தான் வர வேண்டும்.

ஆறு பேரின் ரத்தமும் சிறுநீரும் எடுத்தேன். எல்லாம் இயல்பு. பிறகு வகுப்பு. சத்துமாவு டப்பாவில்கூடக் கலப்படம் இருக்கலாம், உடம்பில் எது இருந்தாலும் பொறுப்பு உங்களுடையது என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பத்தாயிரம் மீட்டர் ஓடும் உவரிப் பெண் ஜெபக்கனி மட்டும் கை தூக்கினாள்.

"எங்களுக்கே தெரியாம யாராவது குடுத்துட்டா என்னக்கா செய்ய?"

தெரியாது என்பது பதிலாகாது என்றேன். இப்படிக் கேட்பவர்களை நான் மறப்பதில்லை. தொண்டை கட்டிவிட்டது. புறப்பட்டபோது பிடித்த சளி இன்னும் விடவில்லை.

19 மார்ச், காலை 8.05

ஜெபக்கனி தன் சொந்தச் சாதனையை ஏறக்குறைய ஒரு நிமிடம் முந்தினாள். மூச்சுகூட வாங்கவில்லை. ரத்தம் எடுத்தேன். சிவப்பணுக்கள் தாறுமாறாக ஏறியிருக்கின்றன. சிறுநீரில் எந்த மருந்தும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதுதான் உறுத்துகிறது.

அவள் அறையைச் சோதித்தேன். ஜெபமாலை, தேங்காயெண்ணெய், ஒரு கருவாட்டுப் பொட்டலம். கருவாட்டைக்கூட விடாமல் கருவியில் போட்டுப் பார்த்தேன். சுத்தம்.

தலைமையகத்தில் இயக்குநர் வேதநாயகத்துக்குத் தகவல் அனுப்பினேன். அவருடைய பதில்: "அறிக்கை வெளிய போக வேண்டாம் டாக்டர். பயிற்சி நடக்கட்டும்." பதக்க ஆசை இவரையும் விடவில்லை போலும்.

23 மார்ச், மாலை 5.30

ஜெபக்கனியோடு ஒரே அறையில் இருந்த மாரத்தான்காரி இருளாயிக்கும் அதே ரத்தம். இருவரும் எதையோ பங்குபோட்டிருக்கிறார்கள். ஜெபக்கனியைத் தனி அறைக்கு மாற்றிக் கதவைப் பூட்டினேன்.

அருணகிரியின் பைகளைக் கொட்டிப் பார்த்தேன். தடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்க வந்த பெறவுதான் டாக்டர் இதெல்லாம் ஆரம்பிச்சிருக்கு" என்றார். திருடன் பேச்சு.

சற்று முன் ஜெபக்கனியின் குரல் என் அறை ஒலிபெருக்கியில் வந்தது: "கெண்டக்காலு கல்லு கணக்கா இருக்குக்கா. ஓடுன வலி இல்ல இது. ஒருக்கா வந்து பாருங்க."

நாளைய சோதனைக்கு டிமிக்கி கொடுக்கப் பார்க்கிறாள். போகவில்லை.

24 மார்ச், காலை 6.40

ஜெபக்கனி இறந்துவிட்டாள்.

காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது. ஊசியில் இழுத்தபோது பாகு மாதிரி வந்தது. இருளாயி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

என் அறைக்கு எதிர் அறை அது. எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

24 மார்ச், பகல் 1.15

கருவியே பொய் சொல்கிறதோ என்று சந்தேகம். ஒப்பிட்டுப் பார்க்க ஓடாத ஒருவரின் ரத்தம் வேண்டும். என்னுடையதை வைத்தேன்.

எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம்.

மரபணுவைப் பார்த்தேன். என் செல்களுக்குள் என்னுடையதல்லாத ஒரு துண்டு. சிவப்பணுவைப் பெருக்கு, பெருக்கு என்று உடம்பை ஏவும் துண்டு. யாரோ ஆய்வகத்தில் செய்தது. அதைச் சுமந்து வந்தது சாதாரணச் சளி வைரஸ். மருந்தே இல்லை, அதனால்தான் சிறுநீரில் அகப்படவில்லை. இருமினால் தொற்றும்.

அன்றைய வகுப்பு முழுக்க நான் இருமிக்கொண்டிருந்தேன்.

24 மார்ச், மாலை 4.00

வேதநாயகத்தை அழைத்தேன். ஜெபக்கனி இறந்ததைச் சொன்னேன். என் ரத்தத்தில் அந்நிய மரபணு இருப்பதைச் சொன்னேன். தொற்று என்ற வார்த்தையை நான் உச்சரிக்கவே இல்லை. அவர் சொன்னது அப்படியே:

"பதறாதீங்க. மத்த அஞ்சு பேருக்கும் புடிச்சிருச்சா?"

இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

புறப்படும் முன் தலைமையகத்தில் சோதனை அதிகாரிகள் எல்லோருக்கும் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். அவர்தான் பக்கத்தில் நின்று வரிசையைச் சரிசெய்தார். மறுநாள் எனக்குச் சளி. மற்ற அதிகாரிகள் எந்தெந்த முகாமுக்குப் போனார்கள்? மேடைக்குள் வரும் எல்லோரையும் சோதிப்பார்கள். சோதிக்க வருபவளை யார் சோதிப்பார்கள்?

25 மார்ச், பிற்பகல் 3.10

எல்லோரையும் கூட்டி உள்ளதைச் சொன்னேன்.

இருளாயி கேட்டாள்: "அப்ப அவ பொய் சொல்லல?"

இல்லை என்றேன்.

"இத அவ இருக்கையில அவகிட்ட சொல்லியிருக்கணும்."

ரத்தத்தின் அடர்த்தியைக் குறைக்க ஐந்து பேர் கையிலிருந்தும் ரத்தம் எடுத்து வெளியேற்றினேன். இருளாயி கடைசியாகக் கையை நீட்டினாள், முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு. எல்லோருக்கும் இருந்த தலைவலி ஓரளவு குறைந்திருக்கிறது. எனக்கும் எடுத்துக்கொண்டேன். என் இடது காலில் வீக்கம்.

தலைமையகச் செய்தி: நாளை படகு வரும், வீரர்கள் நேராகப் போட்டிக்குப் பறக்க வேண்டும். அங்கே உலகத்து ஓட்டக்காரர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் சாப்பிடுவார்கள்.

"இந்தப் போட்டிக்காகத்தான் இத்தன வருசம் ஓடுனாங்க" என்றார் அருணகிரி. "போறதா வேண்டாமான்னு அவங்களே சொல்லட்டும்."

"நான் எறங்க மாட்டேன்" என்றாள் இருளாயி. ஒவ்வொருவராக மற்ற நால்வரும் அதையே சொன்னார்கள். ஒரு பையன் அழுதுகொண்டே சொன்னான்.

26 மார்ச், காலை 9.30

விடிந்ததிலிருந்து வெளித்தொடர்பு இல்லை. கரையில் யாரோ துண்டித்திருக்கிறார்கள். மேடையின் விபத்துப் பதிவுப் பெட்டியில் எழுதுகிறேன். மேடையே மூழ்கினாலும் இது மிதக்கும்.

படகு தெரிகிறது.

காலை 9.50

கரைக்கு இதுவரை நான் தொற்று என்று சொல்லவில்லை. படகில் இருக்கும் அத்தனை பேரும் முகக்கவசம் போட்டிருக்கிறார்கள்.

ஒலிபெருக்கியில்: "வீரர்கள் மட்டும் இறங்கவும். டாக்டர் அங்கேயே இருக்கட்டும்."

அருணகிரியும் இருளாயியும் ஏணியை மேலே இழுத்துவிட்டார்கள்.

காலை 10.05

கொக்கி வீசுகிறார்கள். மேல்தளத்தில் காலடிச் சத்தம். எங்கள் ஆட்கள் இல்லை. கால் மரத்துவிட்டது, எழ முடியவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு. வேதநாயகம் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். ஜெபக்கனி எதுவும் எடுக்கவில்லை. இருளாயி எதுவும் எடுக்கவில்லை. அருணகிரி யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்தது நா