கட்சிப் படகிலை ஒரு இடம்

செவ்வாய்க்கிழமை இரவு. நீர் போனாப்பிறகு உமக்கு இதை எழுதிறன்.

இல்லைத் தம்பி, நான் பகிடிக்குச் சொல்லேல்லை. உங்கடை தெற்குக் கட்சிக்கு நெடுந்தீவுத் தமிழ்ச்சனம் வாக்குப் போட என்ன செய்யோணுமெண்டு நீர்தானே கேட்டனீர்? அதுதான் சொன்னனான்.

எங்கடை தீவுச்சனம் போய்வாற படகு பழுதாகி நாலு நாள். என்ரை மனுசிக்கு நெஞ்சுநோ. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு உடனை போகச்சொல்லி இஞ்சத்தை டாக்குத்தர் துண்டு எழுதித் தந்திட்டார். நீர் வந்த படகிலை பாதிக் கதிரை இருக்க ஆளில்லாமல் வெறுமை. “அவளை ஏத்திக்கொண்டு போம், ரெண்டு வாக்கு உமக்குத்தான். கறிவேப்பிலைக் காம்பு மாதிரி ஆள், படகு தாழாது” எண்டன்.

நீர் சிரிச்சுப்போட்டு, தமிழருக்குச் செய்யப்போற திட்டமெண்டு ஒரு நோட்டீசைத் தந்தனீர்.

“தம்பி, உம்மடை படகைக் கண்டிட்டு அவள் சீலையும் மாத்திப்போட்டு...” எண்டு நான் சொல்லி முடிக்கமுன்னம் நீர் இறங்குதுறைக்கு நடந்திட்டீர்.