தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

சிவமயம்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
14.03.1999

அன்பு மகன் நாதனுக்கு,

கோணேசர் துணை. நானும் வீடும் இருந்தபடி இருக்கிறோம். உன் கடிதம் பிந்தித்தான் வந்தது. உறை ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் ஆரோ வாசித்துவிட்டுத்தான் தந்திருக்கிறார்கள். பரவாயில்லை. நீ கம்பளிச் சட்டை வாங்கியதையும் சோதனை நன்றாகச் செய்ததையும் அறிந்து அவர்களும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

பக்கத்து வீட்டுக் கனகம்மா, "தம்பி படிக்கிற தகவல் முறைமை எண்டால் என்னக்கா?" என்று கேட்டாள். எனக்கு விளங்கினபடி சொன்னேன்: அலுமாரியில் எது எங்கே இருக்கிறதென்று அடுக்கினவளுக்கு மட்டும் இல்லாமல், தேடி வருகிறவளுக்கும் தெரியும்படி வைப்பது. "உதுக்கு ஏன் லண்டன்? உங்கடை குசினிக்குள்ள ஒருக்கா வந்து போனால் காணுமே" என்றாள். மாதர் சங்கக் கணக்கு என் கையில் இருப்பதால் அவளுக்கு எப்போதும் இந்த நக்கல்.

அவள் சிரித்தது அதோடு சரி. அவளுடைய மகன் வேலு நாட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டான். மாசியில் ஆமி செய்த சுற்றிவளைப்பிலும், ஆள் காட்டிக்கொடுக்க முகத்துக்குச் சாக்குப் போட்டு நிறுத்தின தலையாட்டி அவனுக்கு நேரே தலையை ஆட்டினான். முதல் தரம் போல இந்தத் தரமும் அடித்துப்போட்டு விட்டார்கள். மூன்றாம் தரம் விடமாட்டார்கள் என்று பயந்து, கனகம்மா காதில் கழுத்தில் கிடந்ததை ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். அங்கே வந்து சேர்ந்தால் உன்னைத்தான் தேடுவான்.

அவன் உனக்கு யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நெருப்புக்காய்ச்சலில் அவன் கிடந்தபோது, சுதர்சனன் என்ற பெயர் பிள்ளைக்குப் பலிக்கவில்லை என்று சாத்திரி சொல்ல, வில்லூன்றி முருகன் வாசலில் வைத்துக் கனகம்மா அவனை எனக்கு விற்றாள். ஒரு சுளகு தவிடு கொடுத்து வாங்கி, வேலாயுதம் என்று பெயர் வைத்து, பால் பருக்கித் திருப்பிக் கொடுத்தேன். "குடுக்க வேண்டாம், நாங்களே வைச்சிருப்பம்" என்று நீ மண்ணில் கிடந்து உருண்டாய். இன்றைக்கும் என்னைத் 'தவிட்டம்மா' என்றுதான் கூப்பிடுகிறான். பள்ளிக்கூடம், அடையாள அட்டை எல்லாம் வேலாயுதம். பாஸ்போட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டதால் அது மட்டும் சுதர்சனன் என்று வந்திருக்கிறது. "விட்ட பேர் திரும்பி வந்திட்டுதேயக்கா" என்று கனகம்மா கலங்குகிறாள்.

வந்தால் பார்த்துக்கொள். வெள்ளிக்கிழமை அர்ச்சனை உன் பெயருக்கு நடக்கிறது.

உன் அன்பு
அம்மா


லண்டன்
06.02.2000

அன்புள்ள அம்மா,

படிப்பு முடிந்தது, பட்டம் கையில் இருக்கிறது. வேலைதான் இல்லை. போகிற நேர்முகம் எல்லாவற்றிலும் "இந்த நாட்டு அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். வேலை தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்? இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கம்பியூட்டர் எல்லாம் குழம்பிவிடும் என்று பயந்து போன வருடம் ஆட்களை அள்ளி எடுத்தார்கள். ஒன்றும் குழம்பவில்லை. இப்போது எடுத்தவர்களையே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என் விசா ஆவணியில் முடிகிறது. அதற்குள் ஒரு கம்பனி என்னை எடுத்து வேலை அனுமதி வாங்கித் தராவிட்டால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

அறை வாடகை கட்ட ஏலாமல் மார்கழியிலிருந்து வேலுவோடு இருக்கிறேன். அவனுடைய அகதி விண்ணப்பம் இன்னும் விசாரணையில் கிடக்கிறது. ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவுகிறான். மிஞ்சின கறியைக் கட்டிக்கொண்டு வந்து முதலில் எனக்குத்தான் போடுவான். அறையில் ஒரு கட்டில். "நீ மேலை படு. நீ படிச்சவன், முதுகு நோகப்படாது" என்று நக்கலடித்து என்னை அதில் ஏற்றிவிட்டுத் தான் நிலத்தில் படுக்கிறான். கனகம்மா மாமியிடம் அவன் சுகமாக இருக்கிறான் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்
நாதன்


ஓர்ஸ் ஹில்,
19.03.2000

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை நான் வாசிக்க வாசிக்கக் கனகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "பாத்தியளே அக்கா, ஒரு சுளகு தவிட்டுக்கு உங்கடை பிள்ளைக்குக் கட்டிலும் கறியும்! உங்களைப்போல யாவாரம் ஆர் செய்தது?" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்துக் கனநாள்.

உன் வேலைக்காக வில்லூன்றியானுக்குக் காவடி நேர்ந்திருக்கிறேன். வேலை கிடைத்தால் வந்து நீதான் எடுக்கவேண்டும். கடவுளுக்குக் கடன் வைக்கக்கூடாது.

அம்மா


லண்டன்
23.07.2000

அன்புள்ள அம்மா,

வேலை கிடைத்துவிட்டது. வேலை அனுமதியும் கம்பனியே எடுத்துத் தருகிறது. உங்கள் நேர்த்திதான்.

எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். குடிவரவுக் கோப்புகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிற கம்பனி. எங்கள் ஆட்களின் பெயர் அவர்களுக்குப் பெரிய தலையிடி. தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று பிடிபடாமல், ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கோப்பு. நேர்முகத்தில் நான் அதை விளங்கப்படுத்தினேன். தகப்பன் பெயரையும் பிறந்த தேதியையும் ஊரையும் சேர்த்துத் தேடினால் ஆள் ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிடும் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். முன்னால் இருந்த மூன்று பேரும் எழும்பிக் கை தந்தார்கள். அம்மா, என் படிப்புக்கு அன்றைக்குத்தான் மரியாதை கிடைத்தது.

அலுவலகத்துக்குக் கிட்டவாக வேறு அறை எடுத்துவிட்டேன். வேலு பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனான். அடுத்த வருடம் உங்களைக் கூப்பிடுவேன்.

நாதன்


சிவமயம்

ஓர்ஸ் ஹில்,
15.10.2000

அன்பு மகன் நாதனுக்கு,

இந்தக் கடிதத்தை ஆறுதலாக வாசி.

வேலுவைப் பிடித்து அடைத்துவிட்டார்களாம். அவனோடு வேலை செய்த பொடியன் ஒருவன் ரெலிபோன் எடுத்துச் சொன்னான். அகதி விண்ணப்பத்தில் வேலாயுதம், ஏஜென்சிக்காரன் விசாவுக்குக் காட்டின பாஸ்போட்டில் சுதர்சனன். இரண்டிலும் தகப்பன் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, ஊர் ஒன்று என்று கம்பியூட்டர் பிடித்துக் கொடுத்ததாம். பெயரை மறைத்த கள்ளன், அடி வாங்கின கதையும் பொய்யாகத்தான் இருக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பப் போகிறார்களாம்.

நாதன், அவன் மறைக்கவில்லை. இரண்டும் அவன் பெயர். ஒன்று கனகம்மா வைத்தது, மற்றது நான் வைத்தது.

நான் சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன். கோயில் ஐயரும் கையெழுத்து வைத்தார். அங்கே அவனுக்காகப் பேசுகிற லோயர் அதைப் பார்த்துவிட்டு, "திருகோணமலையில் இருந்து வாற கடதாசியை அவங்கள் மதிக்கமாட்டாங்கள். இந்த நாட்டில் இருக்கிற, சின்னனில் இருந்து தெரிஞ்ச ஆள் ஒருவர் வந்து சொன்னால் எடுபடும்" என்றாராம். அப்படி ஒருவன்தான் இருக்கிறான். அது நீ. பிள்ளையை விற்று வாங்குவது எங்கள் வழக்கம், வாங்கினவள் என் தாய், நான் பக்கத்தில் நின்றேன். இவ்வளவுதான் நீ சொல்லவேண்டியது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. அவனுடைய பெயர் உன் கண்ணில் பட்டதா?

கனகம்மா ஒரு நாளைக்கு மூன்று தரம் தபால்காரன் வருகிறானா என்று படலையைத் திறக்கிறாள். உடனே பதில் போடு.

அம்மா


லண்டன்
12.11.2000

அம்மா,

நீங்கள் கேட்டபடியால் சொல்கிறேன். அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. வந்தபடி போகவிட்டேன்.

தெரிந்த ஆள் என்று நான் வாய் திறந்தால், அவனோடு ஒரே அறையில் இருந்ததும் வெளியில் வரும். முதலில் போவது வேலை, அடுத்தது விசா. நானும் அவனும் ஒரே பிளேனில் வந்து இறங்கினால் உங்களுக்குத் திருப்தியா? கோப்பில் இருப்பதைத்தான் நாங்கள் பார்க்கிறோம். தவிடும் சுளகும் கோப்பில் இல்லை.

என்னை நெருக்க வேண்டாம். உங்களைக் கூப்பிடும் அலுவலைத் தொடங்கிவிட்டேன்.

நாதன்


ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
09.02.2001

நாதனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று கனகம்மா என் முன்னால் கதிரையில் இருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். "என்னவாமக்கா?" என்றாள். "முயற்சி செய்யிறானாம்" என்றேன். சங்கக் கணக்கில் ஒரு சதம் பொய் சொல்லாத வாய். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "பாவம் பிள்ளை. எங்களாலை அவன்ரை வேலைக்கு ஒண்டும் வந்திடப்படாது."

தைப்பொங்கலுக்கு முன் வேலுவைத் திருப்பி அனுப்பினார்கள். இறங்கின இடத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பெயரோடு ஒருவன் வந்தால் இங்கே என்ன நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா? இயக்கப் பெயர் எது என்று கேட்டுத்தான் அடித்திருக்கிறார்கள். நான் வைத்த பெயரைக் கேட்டு அடித்திருக்கிறார்கள்.

கொழும்புக்கு நானும் கனகம்மாவும் போனோம். கம்பிக்கு அப்பால் நின்றான். வலது கையைத் தூக்க ஏலாது. தாயைப் பார்த்து அழுதவன், என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தான். "தவிட்டம்மா, நாதன் சுகமே? அவனை ஏசாதேங்கோ. அவனுக்கும் விசா வேணுந்தானே." அவனுக்கு எல்லாம் தெரியும். தாய்க்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் மட்டும்தான் இன்னும் உனக்காகக் கும்பிடுகிறாள்.

சாக்குப் போட்ட தலையாட்டியை நாங்கள் எத்தனை தரம் திட்டினோம். அவனுக்கு முதுகில் துவக்கு வைத்திருப்பார்கள். தலையை ஆட்டாவிட்டால் அவனைச் சுடுவார்கள். உனக்குக் கதிரையும் சம்பளமும் போகும் என்ற பயம் மட்டும்தான். ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருந்தாய். நாதன், வேலு போட்ட சோற்றைத் தின்றுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்க நீ எங்கே படித்தாய்? நான் படிப்பித்ததில் அது இல்லை.

நான் அங்கே வரவில்லை. தொடங்கின அலுவலை நிற்பாட்டு. காவடியை நான் எடுத்துவிட்டேன், முருகனோடு உனக்குக் கணக்கில்லை.

இன்று வெள்ளி. கோயிலுக்குப் போனேன். ஐயர் தட்டை வாங்கி, வழக்கம்போல உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லத் தொடங்கினார். "இண்டைக்கு வேறை பேர் ஐயா" என்று மறித்தேன். சுதர்சனன் என்றேன். வேலாயுதம் என்றேன். "ரெண்டு பேருக்கோ அம்மா?" என்றார். "ஓராள்தான்" என்றேன். அவர் ஒரு கடதாசியும் கேட்கவில்லை. இரண்டு பெயரையும் சொல்லிப் பூப் போட்டார்.

உன்னுடையதையும் சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்படிக்கு,
சோமசேகரம் கமலேஸ்வரி