கறுப்புக் கட்டம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஒழுகிக்கொண்டிருந்த குழாயையும் நானே ஆள் பிடித்துச் சரிசெய்துவிட்டேன். நீங்களும் உங்கள் சனிக்கிரகமும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

விண்கலம் எடுத்த படம் தபாலில் வந்தது. வளையங்களுக்கு மேலே குட்டி நிலா, அதன் அடியிலிருந்து பீறிடும் பனித்தூள். அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. கலம் அந்த நிலாவை நெருங்கும் வாரம் என்றுதானே போன வருஷம் மகளின் கல்யாணத்துக்கு வராமல் இருந்தீர்கள்? பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறாள், ஏழரை வருஷத்துல விட்டுடுமே, உங்க வீட்டுக்காரரைப் பிடிச்ச சனி இன்னுமா விடலை என்று. சிரித்து வைத்தேன்.

அதே உறையில் கல்யாணப் படமும் இருந்தது. விண்கலம் துண்டு துண்டாக அனுப்புவதை ஒட்டுத் தெரியாமல் ஒரே படமாக்குவது உங்கள் தொழில். அந்தக் கைவரிசையை வீட்டிலும் காட்டி, என் பக்கத்தில் உங்களை ஒட்டியிருந்தீர்கள். கோட்டும் சிரிப்புமாக. வந்துதான் இருந்தீர்களோ என்று ஒரு கணம் நானே ஏமாந்துபோனேன்.

உங்கள் மகள் ஏமாறவில்லை. எந்தப் படமானாலும் முதலில் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று பார் என, வளையத்தின் மேல் விழுந்த கிரகத்தின் நிழலைக் காட்டி மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தானே. எல்லாருக்கும் வலப்பக்கம் வெளிச்சம், அப்பாவுக்கு மட்டும் இடப்பக்கம், அவருக்கு வேற சூரியனாம்மா என்று கேட்டாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை. 

வராத துண்டை நம் இஷ்டத்துக்கு நிரப்பினால் பொய், அந்தக் கட்டத்தைக் கறுப்பாகவே விட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்வீர்களே. கிரகத்துக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?

நீங்கள் ஒட்டி அனுப்பிய படத்தைப் பீரோவுக்குள் போட்டுவிட்டு, நீங்கள் இல்லாத பழைய கல்யாணப் படத்தையே கூடத்தில் மாட்டியிருக்கிறாள் மகள். கடைசி நிமிடம் வரை உங்களை எதிர்பார்த்து ஓர் ஆள் இடம் விட்டு நின்றிருந்தேன் அல்லவா, அந்த இடத்தில் கறுப்புக் காகிதத்தை அளவாக வெட்டி ஒட்டியிருக்கிறாள். பார்க்கிறவர்கள், யாராவது தவறிவிட்டார்களா என்று தயங்கிக் கேட்கிறார்கள். இல்லை, வேலையாக இருக்கிறார் என்கிறேன்.

அவளுக்கு இது ஏழாம் மாதம். பிரசவத்துக்கு உங்களைக் கூப்பிடச் சொல்லி அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன். குழந்தையோடும் ஒரு படம் எடுப்போம். இன்னொரு முறை இடம் விட்டு நிற்க என்னால் முடியாது. வந்து நில்லுங்கள். வர முடியாவிட்டால், தயவுசெய்து படம் மட்டும் அனுப்பாதீர்கள்.

கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா