கல்லுமக்காய் அரைக் கிலோ

5-11-79, திங்கள்

மூன்று மணிக்கு இடி, மழை. கொடித்துணி மறுபடி நனைந்தது. வள்ளியின் பள்ளிக்கூடப் பாவாடை மூன்றாம் நாளாக ஈரம்.

ராத்திரிக்கு: தடியங்காய்க் கூட்டு, ரசம், அப்பளம். இவர் சாப்பிட்டது ஒரு கைப்பிடி. "போதும்ட்டி. வயிறு ஒரு மாதிரி இருக்கு." இருபது நாளாக இதே பல்லவி. காலையில் நாலு இட்லி உள்ளே போகிறது. மத்தியானத் தூக்குச்சட்டியும் காலியாகத்தான் வருகிறது. ராத்திரிச் சோறு மட்டும் எட்டிக்காய்.

கல்யாணமான புதிதில் இதே கூட்டுக்குத் தட்டை வழித்த மனுஷன். யோசித்துப் பார்த்தால் தப்பு என் மேல்தான். பன்னிரண்டு வருஷமாக அதே ஏழு குழம்பு, அதே வரிசை. நாக்கு செத்துப் போயிருக்கும்.

தீர்மானம்:
1. இந்த மாசம் முடிய, ஒரு நாள் வைத்ததை மறுநாள் வைப்பதில்லை. ரசம் உட்பட.
2. அக்கம்பக்கத்தில் கேட்டுப் புதுசு படிக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் எத்தனை பாஷை, எத்தனை அடுப்பு! (மீன் ஏறாத அடுப்பு, நம்முடையதைச் சேர்த்து, ரெண்டோ மூணோ.)
3. பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம். இவருக்குப் பசி வந்த பிறகு போட்டால் போதும். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? தினம் பத்தாக முன்கூட்டியே. இன்று பத்து ஆச்சு.

இந்த டயரி இனிமேல் பருப்பு டின்னுக்குப் பின்னால். அடுக்களைக்குள் இவர் வரவே மாட்டார்.

6, செவ்வாய்

சொதி! கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற சொதியைச் செவ்வாய்க்கிழமை வைத்தேன். ரெண்டு தேங்காய், மூன்று பால், இஞ்சித் துவையல். கை கடுத்துப் போச்சு.

"என்ன விசேஷம்?" என்றார். "விசேஷம் ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க. உப்பு போதுமா?" நன்றாகத் தலையாட்டினார். ரெண்டு கரண்டியோடு எழுந்தார். மிச்சம் முழுக்க வள்ளி. இப்போது வயிற்றுவலி என்று சுருண்டு கிடக்கிறாள். இஞ்சிச்சாறு கொடுத்தேன்.

தோ.க. பத்து.

7, புதன்

மாடிவீட்டுக் குஜராத்தி அம்மாளிடம் போய் அவர்கள் மோர்க்குழம்பு படித்து வந்தேன். சர்க்கரை போடுகிறார்கள், கடவுளே. மோர்க்குழம்பில். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கூடவே நின்று போட வைத்துவிட்டாள்.

இவர் ஒரு வாய் வைத்தார். "ஏட்டி, பாயசத்துல மோரைக் கொட்டிட்டியா?" வள்ளி சிரித்துச் சிரித்துப் புரையேறினாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் இவர் அந்த ஒரு வாயோடு கை கழுவிவிட்டார்.

பத்து. முழங்கால் பிடிக்கிறது.

8, வியாழன்

பயமாக இருக்கிறது. காலையில் பேண்ட் கொக்கி மாட்டவில்லை. மூச்சைப் பிடித்துப் பார்த்தார், சுவரில் சாய்ந்து பார்த்தார், ஏறவில்லை. சாப்பிடாத மனுஷனுக்கு இடுப்பு எப்படிப் பெருக்கும்? வீக்கம்தான். நீர் கோத்திருக்கிறது.

சாயங்காலம் சுள்ளிக்கல் வைத்தியரிடம் பிடிவாதமாக இழுத்துப் போனேன். வைத்தியர் வயிற்றைத் தட்டினார். டம் டம். இவரை ஒரு மாதிரி பார்த்தார். "விசப்பு இல்லா?" பசி இல்லையா என்கிறார். "இல்ல சேட்டா." "ஒட்டும் இல்லா?" கொஞ்சம்கூடவா என்று. இவர் தரையைப் பார்த்தார். பசி எடுக்க ஒரு குப்பி அரிஷ்டம். வீட்டுக்கு வந்ததும் மடக்கென்று குடித்தார், பாவம்.

ராத்திரி கத்திரிக்காய் பொரித்த குழம்பு. அரை அகப்பை. அடுக்களை மூலையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு பத்து.

9, வெள்ளி

மழை விட்டது. துவைக்கிற கல்லில் நின்றபோது பின்சுவருக்கு அந்தப் பக்கம் நபீசு இத்தா யாரிடமோ சத்தமாகச் சொன்னது: "உம்மா வந்நிட்டுண்டு. கல்லுமக்காய் நெறச்சது! இக்கா மூந்நு பிளேட்டாணு தீர்த்தது!"

நெறச்சது என்றால் நிறைத்தது. கத்திரிக்காயில் பொடி அடைக்கிற மாதிரி. பாகல், கோவை, சுண்டை எல்லாம் பார்த்தாயிற்று, கல்லுமக்காய் கேள்விப்பட்டதில்லை. வந்து ரெண்டு வருஷம் ஆகிறது, இந்த ஊர்க் காய் பாதி எனக்குத் தெரியாது. கல்லில் படர்கிற கொடியோ? இத்தாவின் மாப்பிள்ளை மூன்று பிளேட் தின்றார் என்றால் நம் ஆள் அரை பிளேட்டாவது தின்ன மாட்டாரா? கேட்கலாம் என்றால், சுவரில் ஒட்டுக் கேட்டேன் என்று ஆகிவிடும். நாளைக்குச் சனி, காய்கறி லிஸ்டில் எழுதிவிட வேண்டியது.

பத்து.

10, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பத்து போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே லிஸ்ட் எழுதினேன். சேனை ஒரு துண்டு. சீனியவரை கால். பூசணிக் கீற்று. கல்லுமக்காய் அரைக் கிலோ. பையைக் கொடுத்தேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே வாசித்தார். வாசித்தவர் சிரித்தார்.

"ஏட்டி, இத காய்க்கடையில கேட்டா துரத்தி விடுவான்."

"ஏன், சீசன் இல்லியா?"

"சீசன் இப்பதான். பாத்து வாங்கணும். ஓடு வாயத் தெறந்திருந்துன்னா தொடப்பிடாது. நல்லாத் தேச்சு அலசிட்டு, மிளகு தூக்கலாப் போட்டு, தேங்காக் கொத்து, கறிவேப்பிலை, அப்படியே வறட்டி எடுத்தம்னா…"

கண் பாதி மூடியிருந்தது. இருபத்தைந்து நாளில் சாப்பாட்டைப் பற்றி இவர் இத்தனை வார்த்தை பேசி நான் கேட்கவில்லை. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. எனக்குத் தெரிந்து ஓடு உள்ளது புளியும் விளாங்காயும்.

"விளாங்கா மாதிரியா?" என்றேன்.

ஆமா என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் கேட்டேன்: "வாயத் தெறக்குற காய் எதுங்க?"

கடல் பாறையில் ஒட்டிக் கிடக்கிற கிளிஞ்சலாம். உள்ளே சதையாம்.

பிறகு எல்லாம் வந்தது. கம்பெனியில் கூட வேலை பார்க்கிற கும்பளங்கி அந்தோணி வீட்டுப் பெருநாளுக்குப் போனபோது இலையில் மீன் வைத்துவிட்டார்கள். மறுக்க வெட்கம். ஒரு துண்டு. அதற்கப்புறம் தினமும் வேலை விட்டதும் படகு ஜெட்டிப் பக்கத்துச் சாயாக்கடை. கப்பைக் கிழங்கும் மீனும்.

"கல்லுமக்காய்?"

"ரெண்டு தரம்."

பார்த்தேன்.

"அஞ்சு."

வீக்கமாம் வீக்கம்! அரிஷ்டத்தை வேறு குடித்தாரே, படுபாவி!

11, ஞாயிறு

பேசவில்லை. நானும், இவரும்.

துவைக்கிற இடத்தில் நபீசு இத்தா என் முகத்தைப் பார்த்தாள். "எந்தெடீ கோமதி, கரஞ்ஞோ?" அழுதாயா என்கிறாள். சொல்லிவிட்டேன், ஒட்டுக் கேட்டது முதல். "படச்சோனே! அது காயல்ல பெண்ணே!" என்றவள் சிரித்த சிரிப்பில் துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவாடையெல்லாம் சோப்புத் தண்ணி. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்தது.

மீன் தின்றதுக்கு அழவில்லை. அது அவர் நாக்கு, அவர் பாடு. உப்பு போதுமா, உப்பு போதுமா என்று தினமும் கேட்டேனே, வயிறு முட்ட வந்து உட்கார்ந்துகொண்டு தலையாட்டினாரே, அதுதான் ஆறவில்லை. ரெண்டு தேங்காய் துருவியிருக்கிறேன் இந்தக் கையால். மோர்க்குழம்பில் சர்க்கரை போட்டிருக்கிறேன்.

சாயங்காலம் இவர் அடுக்களை வாசலில் வந்து நின்றார். (டயரியைச் சட்டென்று டின்னுக்குப் பின்னால் தள்ளினேன்.) "கார்த்திகை பொறந்ததும் விட்டிருதேன் கோமதி." நான் சொன்னது: "விடுங்க, விடாமப் போங்க. திங்கணும்னா சொல்லிட்டுத் தின்னுங்க. ராத்திரிச் சோத்துக்கு வயித்துல இடம் வச்சிட்டு வாங்க. அவ்வளவுதான்."

இன்று தோ.க. இல்லை. அறுபதோடு நிறுத்தம்.

12, திங்கள்

இனி புதுசும் கிடையாது, பழசும் கிடையாது. ரசம், சுட்ட அப்பளம். இவர் ஆறு மணிக்கே வீட்டில். ரெண்டு கரண்டி சாப்பிட்டார். பயத்தில் சாப்பிட்டது, சேர்த்தியில்லை.

13, செவ்வாய்

ரசம். அப்பளம் கூட இல்லை. நமத்துவிட்டது. இவர் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டார். மாடியிலிருந்து ஒரு கிண்ணம் சர்க்கரை மோர்க்குழம்பு வந்தது. அதையும் குடித்தார்.

14, புதன்

மழை இல்லை. பாவாடை ஒருவழியாகக் காய்ந்தது.

சாயங்காலம் ஆறு மணி. வாசலில் செருப்புச் சத்தம். "கோமதி, பசிக்குதுட்டி."

புளி கரைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. "நெசமாவா? பிள்ளையார் பேர்ல சொல்லுங்க."

"பிள்ளையார் சத்தியமா. ஜெட்டிப் பக்கமே போகல. காதடைக்குது."

"அப்ப நேர்ச்சை நாப்பத்தெட்டு பாக்கி இருக்கு. நான் அறுபது போட்டாச்சு. பசி உங்க பசி, மிச்சத்த நீங்க போடுங்க."

போட்டார். பின்முற்றத்தில், வேட்டியை மடித்துக் கட்டி, ரெண்டு காதையும் பிடித்துக்கொண்டு. வள்ளி எண்ணினாள், "ஒந்நு, ரெண்டு, மூந்நு" என்று பள்ளிக்கூடப் பாஷையில். முப்பதில் எண்ணிக்கை தப்பி மறுபடி இருபத்தைந்திலிருந்து பிடித்தாள். "சவம், நாப்பது ஆச்சுல்லா!" என்று கத்தினார். சுவருக்கு மேல் நபீசு இத்தா தலை. "படச்சோனே, இது எந்து எக்ஸர்சைஸ்?" நான் சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடி ரசத்தை இறக்கினேன்.

மூன்று தரம் சோறு கேட்டார். நாலாவது கரண்டி ரசத்தைத் தட்டிலேயே வாங்கி, தட்டை வழித்தார். வள்ளிதான் மூக்கால் அழுதாள். "அம்மே, இந்நும் ரசமா?"

"சும்மா தின்னுட்டி. எவ்வளவு ருசியா இருக்கு," என்றார்.

அப்புறம் நான் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். ரசத்தில் உப்பே போடவில்லை.